கொக்கோவுக்கு விரித்த உப்பு

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். மாதனூர் போகும் நெடுஞ்சாலையில் இருந்தது அது. சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்புகள். நடுவில் மாவும் சர்க்கரையும் வேகும் எங்கள் கட்டடம் ஒன்றுதான் முறை தவறிப் பிறந்ததுபோல நிற்கும். எனக்குக் கெமிஸ்ட் வேலை. கெமிஸ்ட் என்றால் மருந்துக் கடைக்காரி என்று நினைத்துத் தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். இல்லை என்று சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் ஒரு அட்டை மாத்திரை வாங்கியே வைத்துவிட்டேன்.

எனக்கென்று கொடுத்த அறையில் ஒரு தராசு, ஒரு மின் அடுப்பு, கண்ணாடிச் சாமான்கள், ஒரு ஸ்டூல். இன்னொரு ஸ்டூல் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாவில் ஈரம் எவ்வளவு, எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கிறதா, சர்க்கரையில் மண் கலந்திருக்கிறதா என்று பார்த்து, ஆகாத மூட்டையில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். என் வேலை சரியாக நடந்தால் ஊரில் ஒன்றும் நடக்காது. யாருக்கும் வயிறு வலிக்காது, எந்தக் குழந்தையும் வாந்தி எடுக்காது. ஒன்றும் நடக்காததற்காக யாரும் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. பெருக்கல் குறி போட்டால் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என் பேச்சைக் கேட்டு பாக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஒருமுறை சிரித்ததற்கு நான் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள், பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். தனிமையாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆம்பூரில் எனக்கென்று இருந்தது ஒரு சுவர்.

எங்கள் கம்பெனியின் கிடங்குக்குப் பொறுப்பாக ஒரு பாய் இருந்தார். அவர் வீட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறையில்தான் நான் குடியிருந்தேன். என் அறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். காலையில் டீ கொதித்ததும் பாயின் மனைவி கரண்டிக் காம்பால் அந்தச் சுவரில் தட்டுவார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவேன். அவர்கள் வீட்டில் அக்காவை ஆபா என்று கூப்பிடுவது வழக்கம்; நானும் ஆபா என்றே கூப்பிட்டேன். டம்ளர் நிறைய ஊற்றிவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் ஆபா ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். ராத்திரி தூக்கம் வந்ததா, அம்மாவிடமிருந்து கடுதாசி வந்ததா, ஏன் இப்படி இளைத்துப் போகிறாய். நாள் முழுவதும் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்காமல் போனாலும் காலையில் கேட்ட அந்த நாலு கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது.

பாய் கம்பெனியில் என்னை மேடம் என்பார், வீட்டில் தங்கச்சி என்பார். கால் வாசல்படியைத் தாண்டும்போதே வார்த்தை மாறிவிடும். எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் காலம் முழுவதும் தோல் மண்டியில் இருந்தவர். அறுத்த ஆட்டுத் தோல் வந்து இறங்கியதும் தரையில் உப்பை விரித்து, மேலே தோல், அதன்மேல் உப்பு, மறுபடி தோல் என்று அடுக்கி உப்புக் கட்டுவது அவர் வேலை. உப்புப் போடாத தோல் பொழுது சாய்வதற்குள் நாற ஆரம்பித்துவிடும். அவர் அடுக்கிய தோல் ஒன்றுகூடக் கெட்டு முடி உதிர்ந்ததில்லை என்று ஆபா பெருமையாகச் சொல்வார். கை சுத்தமான மனிதர் என்று பெயர் இருந்ததால்தான் எங்கள் மேனேஜர் அவரைக் கேட்டு வாங்கிக் கிடங்கில் வைத்தார்.

அந்த வருஷம் தீபாவளிக்குக் கம்பெனி சாக்லேட் கிரீம் பிஸ்கட் போடுவதென்று முடிவாயிற்று. அதுவரை ஆம்பூர்ப் பக்கம் வெள்ளைக் கிரீம்தான், சாக்லேட்டில் ஒன்று செய்ததில்லை. கேரளாவிலிருந்து கொக்கோ பவுடர் காகித மூட்டைகளில் வந்தது. பார்க்கச் செம்மண் மாதிரி இருக்கும், அவ்வளவு சாது. ஆனால் கொக்கோவுக்கு இரண்டு கெட்ட குணம். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பிஸ்கட் மாவில் போடுகிற கொக்கோ அடுப்புக்குள் போய் வேகும். கிரீமில் போடுகிற கொக்கோ வேகாது. வனஸ்பதியோடும் சர்க்கரையோடும் அடித்து அப்படியே இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துவிடுவார்கள். குழந்தைகள் முதலில் நக்குவது அதைத்தான்.

பெரிய கிடங்கில் மாவு நிறைந்திருந்ததால் கொக்கோவுக்கு இடம் இல்லை. மேனேஜர் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு பழைய தோல் மண்டியை வாடகைக்கு எடுத்தார். தோல் கிடந்த இடத்தில் தின்கிற பொருளா என்று நான் சண்டை போட்டேன். கழுவி, இரண்டு முறை சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்கள். இப்போது வாடை போய்விட்டதா என்று மேனேஜர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. ஆம்பூரில் இருந்து இருந்து எங்கள் எல்லோருக்கும் மூக்கு மரத்துப் போயிருந்தது. லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மா என் பையை வெளியிலேயே வைக்கச் சொல்வாள். எனக்கு அதில் ஒரு வாடையும் தெரியாது.

அதனால் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொக்கோவைச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். வாணியம்பாடியைத் தாண்டி, ஏலகிரி அடிவாரத்தில் இறங்கி, ஒரு புளியமரத்தடியில் உட்காருவேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மூக்கு தெளியும். மண் வாசனை, மாட்டுச் சாண வாசனை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அப்புறம் புட்டிகளைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். மலைக்குப் போகிற குடும்பங்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே போகும். மரத்தடியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து புட்டி புட்டியாக மோந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். போகட்டும். முதல் தடவை வாசனை சுத்தமாக இருந்தது. மண்டி வாடை ஏறவில்லை. வீட்டுக்குப் போனதும் ஆபாவிடம்தான் முதலில் சொன்னேன்.

"மோந்து பாக்கறதுக்கு ஏலகிரிக்கா போய்ட்டு வந்த? நல்ல வேலைம்மா ஒனக்கு" என்று சிரித்தார் ஆபா.

அவர் சிரித்தால் எனக்குக் கோபம் வராது.

தீபாவளிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. கிரீம் அடிக்கும் இயந்திரத்தை ஓட்டப் போகும் வாரத்தில் மறுபடி கொக்கோ எடுத்தேன். இந்த முறை மேல் வரிசை மூட்டையில் ஒரு புட்டி, அடி வரிசையில் ஒரு புட்டி. ஏலகிரி அடிவாரத்தில் அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேல் மூட்டைப் புட்டி நன்றாக இருந்தது. அடி மூட்டைப் புட்டியைத் திறந்ததும் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி மோந்தேன். காயாத துணியை மூட்டை கட்டி வைத்த வாசனை. கையில் கொட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டிகள். ஒன்றை நகத்தால் பிட்டேன். உள்ளே சாம்பல் நிறத்தில் நூல் நூலாகப் பூசணம்.

மறுநாள் அடி வரிசைக் கொக்கோவை அடுப்பில் உலர்த்தி எடை பார்த்தேன். இருக்கக்கூடாத அளவு ஈரம். மழை ஒழுகுகிறது என்று நினைத்து மண்டிக்கு ஓடினேன். கூரையில் ஒழுக்கு இல்லை. சுவர் காய்ந்திருந்தது. மூட்டைகளுக்கு அடியில் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். அதன் விளிம்பைத் தூக்கினேன். கீழே தரை பளபளவென்று நனைந்து கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

பின்னால் கிடங்குப் பாய் வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

"நான்தான் மேடம் விரிச்சேன். பயப்படாதீங்க, புது உப்பு, தோல் மேல படாத உப்பு. இந்த மழையில பொருள் கெட்டுப் போய்டக் கூடாதுன்னு பேஜாராயிடுச்சு எனக்கு. அடியில நல்லா கனமா போட்டு மேல பாய் விரிச்சிட்டேன்."

தோலில் இருக்கிற நீரை உப்பு உறிஞ்சி எடுக்கும், தோல் பிழைக்கும். மழைக்காலத்தில் வெறுந்தரையில் கிடக்கிற உப்பு காற்றில் இருக்கிற நீரைக் குடித்துக் குடித்துக் கசியும். அது கோரைப்பாயில் ஊறி, காகித மூட்டையின் தையல் ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. நான் அதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"உப்பா?" என்றார். "உப்பு எங்கியாவது கெடுக்குமா மேடம்?"

பிட்ட கட்டியைக் காட்டினேன். வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய்க் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டிப் போய் அடி வரிசை மூட்டைகளில் ஒவ்வொன்றாகச் சிவப்புக் குறி போட்டேன். இந்த மனிதரை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்கு ஒன்று ஆனால் எனக்குச் சுவர் இல்லை என்பதும் தெரிந்தது. சுயநலம்தான். ஆனால் அந்த நேரத்தில் அதுதான் மனதில் ஓடியது.

மேனேஜரிடம் காரணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேல் வரிசை நல்ல மூட்டைகளும் அதே உப்பின்மேல்தான் இருந்தன. அடுத்த லாரியும் அங்கேதான் இறங்கும். சொன்னேன். கிடங்குப் பாயும் பக்கத்தில் நின்றார். மேனேஜர் முதலில் விழித்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் எதிரிலேயே ஒரு தோல் ஷாப் முதலாளிக்குப் போன் போட்டு, "நம்ம பாய் கொக்கோவுக்கு உப்பு கட்டிட்டாரு" என்று சொல்லி அங்கேயும் சிரிப்பு மூட்டினார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கட்டிய சலிச்சு எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க" என்றார்.

"சார், சலிச்சா கட்டிதான் போகும். பூசணம் தூளிலும் இருக்கும். சில பூசணத்தில் விஷம் உண்டு. அது அடுப்பில் வெந்தாலும் போகாது. இது வேகக்கூடப் போவதில்லை, கிரீமில் போகுது."

"விஷம் இருக்குன்னு உங்க லேப்ல காட்ட முடியுமா?"

"முடியாது. மெட்ராஸுக்கு அனுப்பணும்."

"அனுப்பி, ரிசல்ட் வர்றதுக்குள்ள தீபாவளி முடிஞ்சிடும். எசென்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி போட்டா வாசனை தெரியாதும்மா. நீங்க குறி போட்டீங்க, உங்க வேலை முடிஞ்சிடுச்சு. நாளைக்குக் காலையில சலிக்க ஆள் வருவாங்க."

வாதாடினேன். குரல் உயர்ந்தது. அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது, அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அன்று சாயங்காலம் பாய் என் அறை வாசலுக்கு வந்தார். அதுவரை அவர் தனியாக அங்கே வந்ததில்லை. படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். மேனேஜர் சொல்றது இருக்கட்டும். நெசமாவே கொழந்தைங்களுக்கு ஆவாதா அது?"

கம்பெனியில் உடைந்த பிஸ்கட்டை ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பாய் தன் பங்கைச் சேர்த்து வைப்பார். மெட்ராஸில் பெரியமேட்டில் கட்டிக்கொடுத்த மகளின் சின்னப் பெண் லீவுக்கு வந்தால், கிரீமை மட்டும் நக்கிவிட்டுப் பிஸ்கட்டைத் தாத்தா வாயில் திணிக்கும். அந்தத் தீபாவளி லீவுக்கும் அது வருவதாக இருந்தது.

"என்னால நிரூபிக்க முடியாது பாய். தின்ன உடனே ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா நான் வாயில வைக்க மாட்டேன். உங்க பேத்திக்குக் கொடுக்கவும் விட மாட்டேன்."

தலையை ஆட்டினார். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான்.

காலையில் சலிக்க வந்த ஆட்கள் மண்டி வாசலில் கூட்டமாக நின்றார்கள். உள்ளே நுழைந்து பார்த்தேன். வெள்ளையடித்தது போக மீந்த சுண்ணாம்பு ஒரு டிரம்மில் மூலையில் இருந்தது. அதைக் கரைத்து, சிவப்புக் குறி போட்ட ஒவ்வொரு மூட்டையையும் வாய் கிழித்து, உள்ளே ஊற்றியிருந்தார் பாய். கொக்கோ வெளுத்துப் பழுப்புச் சேறாகக் கிடந்தது. குறி போடாத மேல் மூட்டைகளில் ஒரு சொட்டுப் படவில்லை. அவற்றை வாசல் பக்கம் மரச் சட்டத்தின்மேல் நகர்த்தி வைத்திருந்தார். முழங்கை வரை சுண்ணாம்போடு மேனேஜர் அறைக்குப் போய் மேஜையில் சாவியை வைத்தார்.

நானும் பின்னாலேயே போனேன். குறி போட்டது நான், அவரை அனுப்பினால் என்னையும் அனுப்புங்கள் என்றேன்.

"நீங்க போய்ட்டா கெமிஸ்ட்டுக்கு நான் எங்க போவேன்? உங்க வேலைய பாருங்கம்மா" என்றார் மேனேஜர்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நீங்க இருங்க. அடுத்த மூட்டை வரும்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் பார்த்தபோதும் மேடம்தான்.

நல்ல மூட்டைகளை வைத்துக் கிரீம் பிஸ்கட் வெளியே வந்தது. தாமதமாக, குறைவாக வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதாவது, ஊரில் ஒன்றும் நடக்கவில்லை.

நடந்ததெல்லாம் பாய்க்குத்தான். வேலை போனது அவருக்குப் பெரிதில்லை. தோல் மண்டியில் எவனும் கூப்பிட்டு வேலை கொடுப்பான். ஆனால் மேனேஜரின் சிரிப்பு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. உப்புப் போட்டுச் சரக்கைக் கெடுத்தவர் என்று பெயர். டீக்கடையில் உட்கார்ந்தால், "இன்னா பாய், டீக்கு சர்க்கரையா, உப்பா?" தொழுகை முடிந்து வந்தால் தோஸ்து ஒருத்தர், "மழை வருது, எங்க ஊட்டு அரிசிக்கும் கொஞ்சம் உப்பு கட்டிட்டுப் போங்க." விளையாட்டாகத்தான் சொன்னார்கள். உப்பையே பிழைப்பாக வைத்திருந்த மனிதருக்கு அது விளையாட்டாக இல்லை. முதலில் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார், பிறகு தெருவுக்கே வருவதில்லை. மகள் வீட்டோடு போய் இருப்பதைப்போல வெட்கம் வேறில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பெரியமேட்டுக்குப் போய்விடலாம் என்று அவராகவே சொன்னாராம்.

இதெல்லாம் சுவர் வழியாக எனக்குக் கேட்ட பேச்சு. அந்த நாட்களில் சுவரில் தட்டும் சத்தம் நின்று போயிருந்தது. காலையில் டீ கொதிக்கிற வாசனை வரும், பாத்திரம் வைக்கிற சத்தம் வரும், கரண்டி மட்டும் வராது. நான் டம்ளரைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைப்பேன். பிறகு ஸ்டவ்வைப் பற்ற வைத்து நானே ஒரு டீ போடுவேன். நன்றாக இருக்காது.

அவர்கள் பெரியமேட்டுக்குப் புறப்படுகிற அன்று காலை ஆபா தட்டினார். நான் ஓடினேன். வீடு காலியாகி எதிரொலித்தது. தரையில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்தார். எப்போதும் கேட்கும் கேள்வி எதையும் கேட்கவில்லை. டம்ளர் பாதியானபோது சொன்னார்.

"ஒம்மேல கோபம் இல்லன்னு சொன்னா பொய்தாம்மா. இருக்குது. உப்புன்னு நீ சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுது. ராவெல்லாம் அவரு தூங்கறதில்ல."

"சொல்லாம இருக்க முடியாது ஆபா."

"தெரியும். புள்ள சாப்ட்ருக்கும்" என்றார். "அதான் வாயத் திறந்து திட்டவும் முடியல ஒன்ன."

என் தலையில் கையை வைத்தார். பிறகு கெட்டிலைக் கழுவி மூட்டையில் சொருகினார். வண்டி வந்ததும் பாய் முன்னால் ஏறி உட்கார்ந்து பாலாற்றுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வர்றேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அந்த இடத்தில் மறுபடி நின்றாலும் மேனேஜரிடம் உப்பு என்றுதான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஆனால் சரியாகச் செய்தோம் என்பது சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது கூட வந்து பேசுவதில்லை. பூசணம் இல்லாத பிஸ்கட்டைத் தின்ற குழந்தைகள் எங்கோ பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு என்னையும் தெரியாது, பாயையும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டிகளோடு பஸ் ஏறினேன். வாசனை சுத்தமாக இருந்தால் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் திரும்பினேன்.

வீடு சில வாரம் பூட்டிக் கிடந்தது. மார்கழிப் பனியில் ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம், பாதித் தூக்கத்தில் இருந்தேன். சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அதே இடம். டம்ளரை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், பின்வாசலுக்குப் போய் நின்றேன்.

சமையலறையில் எனக்குத் தெரியாத ஒருவர் ஸ்டூலின்மேல் ஏறி, காலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னையும் என் கையில் இருந்த டம்ளரையும் பார்த்தார்.

"இன்னாம்மா, தண்ணி வேணுமா?" என்றார்.

"இல்லை" என்றேன். அவர் திரும்பி ஆணியை இன்னும் இரண்டு அடி அடித்தார்.